குமுளி ஏற்றமும் நியூட்டன் விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தில் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் சமவெளி முடிந்துவிடும். அதற்கு மேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளி வரை மலைப்பாதைதான். கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர், குமுளி ஏறத்தாழ 900 மீட்டர். விசை, இயக்கம், உந்தம் என்று பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வருகிற எல்லாமே இந்த ஏற்ற இறக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்கள், திராட்சை வியாபாரிகள் எனப் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். புவியீர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் 9.8 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சார், ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி நின்றுவிடுகிறதே. அப்போ ஓடுவதற்கு விசை வேண்டும்தானே?

வேண்டாம். பாடம் முழுக்கத் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஓடுகிற பொருள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். விசை தேவைப்படுவது அந்த ஓட்டத்தை மாற்றத்தான்: வேகத்தைக் கூட்ட, குறைக்க, திசை திருப்ப. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி நிற்பதற்குக் காரணம் விசை தீர்ந்துபோனது அல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உருளல் எதிர்ப்பு, காற்றின் தடை, எஞ்சினுக்குள் இருக்கிற உராய்வு ஆகியவை பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. முன்னோக்கித் தள்ளிய விசை போனதும் இந்தப் பின்னிழுப்பு மட்டும் மிஞ்சுகிறது, வண்டி நிற்கிறது. அதாவது, நிறுத்தியதும் ஒரு விசைதான்.

இதில் குழம்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தள்ளுபவர் இருக்கும்வரைதான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த பிலோபோனஸ் போன்ற சிலர் மறுத்துப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. கலிலியோதான் சாய்தளத்தை வைத்து முடிச்சை அவிழ்த்தார். ஒரு சரிவில் உருண்டு இறங்கும் உருண்டை எதிர்ச்சரிவில் ஏறத்தாழ அதே உயரம் வரை ஏறுகிறது. எதிர்ச்சரிவைச் சாய்க்கச் சாய்க்க அந்த உயரத்தைத் தொட அது இன்னும் தூரம் ஓடுகிறது. எதிர்ச்சரிவைப் படுக்கையாகவே போட்டுவிட்டால்? உயரமே வராது, உருண்டையும் நிற்காது. 1687-இல் நியூட்டன் தன் முதல் விதியாக எழுதியது இதைத்தான்.

அப்படியானால் ஒரே வேகத்தில் மலை ஏறும் ஜீப்பில் எந்த விசையும் இல்லையா?

விசைகள் நிறைய உண்டு, கூட்டிக் கழித்தால் மீதி பூஜ்யம். ஒரே வேகம், ஒரே திசை என்றால் நிகர விசை பூஜ்யம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

ஆட்களோடு சேர்த்து 2000 கிலோ ஜீப். பாதை 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது என்று வைப்போம். சரிவு வழியாகக் கீழே இழுக்கும் புவியீர்ப்பின் பங்கு 2000 × 9.8 ÷ 15, அதாவது ஏறத்தாழ 1300 நியூட்டன். உருளல் எதிர்ப்பு இன்னொரு 300 நியூட்டன். ஆகச் சக்கரங்கள் 1600 நியூட்டன் கொடுத்தால் ஜீப் மாறாத வேகத்தில் ஏறும். இதே ஜீப் உத்தமபாளையம் பக்கம் சமதரையில் மெதுவாகப் போகும்போது 300 போதும். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். எஞ்சின் ஏன் இரண்டாவது கியரைக் கேட்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1600-க்கு மேல் கொடுத்தால் வேகம் கூடத் தொடங்கும். அந்த உபரியை நிறையால் வகுத்தால் முடுக்கம். இரண்டாம் விதி அவ்வளவுதான்.

பிரேக் போட்டதும் பஸ்ஸில் நிற்பவர்களை முன்னால் தள்ளுவது யார்?

யாரும் தள்ளவில்லை. பஸ்ஸின் வேகம் குறைந்தது, உங்கள் வேகம் குறையவில்லை. கால் பஸ்ஸோடு நிற்கப் பார்க்கிறது, உடம்பு பழைய வேகத்திலேயே போகிறது. கம்பியைப் பிடித்தால் அந்தக் கம்பிதான் உங்களைப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. கண்டக்டர் தமிழில் கத்தினாலும் மலையாளத்தில் கத்தினாலும் சொல்வது நிலைமம் பற்றித்தான்.

உந்தம் என்று தனியாக ஒன்று எதற்கு? வேகம் போதாதா?

போதாது. லோயர் கேம்ப் பக்கம் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வரும் 16 டன் லாரியை யோசியுங்கள். நொடிக்கு 1.5 மீட்டர்தான் வேகம். இன்னொரு பக்கம் இரண்டு பேரோடு 250 கிலோ வருகிற பைக், நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். லாரிக்கு 24,000, பைக்குக்கு 6250. ஊர்கிற லாரியை நிறுத்த, பறக்கிற பைக்கை அதே நேரத்துக்குள் நிறுத்துவதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். அதனால்தான் லாரி மெதுவாகத்தானே வருகிறது என்று முன்னால் புகுவது ஆபத்து.

உந்தத்துக்குத் திசையும் உண்டு. கிழக்கே போகிற உந்தமும் மேற்கே போகிற உந்தமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மோதல் கணக்கில் இதை மறந்தால் விடை தலைகீழாக வரும்.

நியூட்டன் இரண்டாம் விதியை எழுதியதே உந்தத்தை வைத்துத்தான். விசை என்பது உந்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதன் அளவு. இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயன்: விசை × நேரம் = உந்தத்தில் வந்த மாற்றம். பாடப்புத்தகம் இதைக் கணத்தாக்கு என்கிறது. உந்தம் எவ்வளவு மாற வேண்டும் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்காது, ஆனால் அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நம்மால் கூட்ட முடியும். அடுத்த பதில் முழுக்க இதுதான்.

திராட்சைப் பெட்டியில் காகிதத் துண்டு போட்டால் என்ன பெரிய வித்தியாசம்?

பத்து மடங்கு வித்தியாசம். கம்பம் பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது, அடிபட்டால் அன்றே கசியும். அரைக் கிலோ கொத்து ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், உந்தம் 2.2. வெறும் மரப்பலகையில் விழுந்தால் ஆயிரத்தில் ஐந்து நொடிக்குள் நின்றுவிடும் என்று கொள்வோம்: சராசரி விசை 440 நியூட்டன். அடியில் காகிதத் துண்டு இருந்து, நிற்க ஆயிரத்தில் ஐம்பது நொடி ஆனால் 44 நியூட்டன். உந்தம் இரண்டிலும் ஒன்றுதான், அழிந்த விதம் வேறு.

ஹெல்மெட்டும் இதே கதை. வேகமாகப் போகும்போதுதான் ஹெல்மெட் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பைக்கிலிருந்து சாய்ந்து விழும்போது தலை தரையில் மோதும் வேகத்தில் பெரும்பங்கு, தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் என்றால் நொடிக்கு 5.4 மீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இது உண்டு. வெறும் தலை ஒரு சில மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 500 மடங்கு. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பஞ்சு இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கினால் அது 60 மடங்காகக் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய பஞ்சு மறுபடி நசுங்காது. விழுந்து அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டியதுதான்.

அம்மா மடியில் உட்கார்ந்த குழந்தையை அம்மா பிடித்துக்கொள்ள மாட்டாரா?

முடியாது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது. முடுக்கம் நொடிக்கு நொடி 100 மீட்டர், புவியீர்ப்பின் பத்து மடங்கு. 10 கிலோ குழந்தையைத் தடுக்க 1000 நியூட்டன் வேண்டும். நூறு கிலோ மூட்டையைச் சொல்லாமல் கொள்ளாமல் கையில் போட்டதற்குச் சமம், அதுவும் பத்தில் ஒரு நொடிக்குள். பாசம் எவ்வளவு இருந்தாலும் கைக்கு அந்த வலு கிடையாது. மணிக்கு 36 என்பது மலைப்பாதையில் சாதாரண வேகம் என்பதையும் கவனியுங்கள்.

வாத்தியாரே, ஜீப்பும் லாரியும் மோதினால் ஜீப்தான் அப்பளமாகிறது. ரெண்டுக்கும் ஒரே விசை என்று சொல்றீங்களே, எப்படி?

விசை ஒன்றேதான். ஜீப் லாரியை எவ்வளவு தள்ளுகிறதோ, லாரியும் ஜீப்பை அவ்வளவுதான் தள்ளுகிறது. அந்த ஒரே விசை 2 டன் பொருளை என்ன செய்கிறது, 16 டன் பொருளை என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கணக்காகவே போடுவோம். ஜீப் 2000 கிலோ, நொடிக்கு 10 மீட்டர். எதிரே லாரி 16,000 கிலோ, நொடிக்கு 5 மீட்டர். நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகர்கின்றன என்று வையுங்கள். லாரி வந்த திசையைக் கூட்டலாக எடுத்தால் மொத்த உந்தம் 80,000 − 20,000 = 60,000. மொத்த நிறை 18,000. ஆக, மோதிய பின் இரண்டும் லாரி போன திசையில் நொடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில் போகும்.

இப்போது ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று பாருங்கள். லாரியின் வேகம் 5-லிருந்து 3.3-க்குக் குறைந்தது, மாற்றம் 1.7. ஓட்டுநர் ஒரு பலமான குலுக்கலை உணர்வார். ஜீப் 10-இல் முன்னால் போனது, இப்போது 3.3-இல் பின்னால் தள்ளப்படுகிறது. மாற்றம் 13.3, அதாவது மணிக்கு 48 கி.மீ. ஜீப் ஓட்டிய வேகமே மணிக்கு 36தான்! வெறும் சுவரில் மோதியிருந்தால்கூட அவ்வளவோடு முடிந்திருக்கும். வேக மாற்றங்களின் விகிதம் எட்டுக்கு ஒன்று, நிறைகளின் விகிதமும் அதுவே. விசை சமமாக இல்லாவிட்டால் இந்த விகிதம் இப்படி வந்து உட்காராது.

கடைசியாக ஒன்று: மோதலில் உந்தம் காப்பாற்றப்படுகிறது, ஆற்றல் அதே வடிவத்தில் இருப்பதில்லை. மோதுவதற்கு முன் இரண்டின் இயக்க ஆற்றலையும் கூட்டினால் 3 லட்சம் ஜூல், பிறகு 1 லட்சம் ஜூல். மீதி 2 லட்சம் எங்கே? தகரத்தை மடக்கியதிலும் சூட்டிலும் சத்தத்திலும் போய்விட்டது. மடங்கியதில் பெரும்பகுதி எந்த வண்டியின் தகரம் என்று சொல்லத் தேவையில்லை.

மாடு வண்டியை இழுத்தால் வண்டியும் மாட்டை அதே அளவு பின்னால் இழுக்குமாம். அப்புறம் பந்தயம் எப்படி நடக்கிறது?

தேனி மாவட்டத்தில் பூஞ்சிட்டு முதல் பெரிய மாடு வரை பந்தயம் நடக்கிற ஊர்களில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு சம விசைகளும் ஒரே பொருளின் மேல் இல்லை, அதுதான் விடை. மாடு இழுக்கும் விசை வண்டியின் மேல். வண்டி இழுக்கும் விசை மாட்டின் மேல். ஒன்றையொன்று கழிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும்.

வண்டியை மட்டும் பாருங்கள்: முன்னால் மாட்டின் இழுப்பு, பின்னால் சக்கர உராய்வு. முன்னது பெரிது, வண்டி வேகமெடுக்கிறது. மாட்டை மட்டும் பாருங்கள்: பின்னால் வண்டியின் இழுப்பு, முன்னால் தரையின் தள்ளல். மாடு குளம்பால் தரையைப் பின்னோக்கி உதைக்கிறது, தரை மாட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. மாட்டை ஓட்டுவது தரை என்று சொன்னால் பந்தயக்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் இயற்பியல் அதைத்தான் சொல்கிறது. சேற்றில் மாடு திணறுவதும் இதனால்தான். பலம் குறையவில்லை, தரை திருப்பித் தள்ளவில்லை.

வளைவில் வெளியே தள்ளுகிறதே, அது மையவிலக்கு விசைதானே?

சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசை கிடையாது. உங்கள் உடம்பு நேர்கோட்டில் போகப் பார்க்கிறது, ஜீப் உள்ளே திரும்புகிறது, அதனால் கதவு வந்து உங்கள் மேல் இடிக்கிறது. கதவு உங்களை உள்ளே தள்ளுவதால்தான் நீங்களும் திரும்புகிறீர்கள். ஜீப்புக்குள் உட்கார்ந்து கணக்குப் போட விரும்பினால் வெளிநோக்கி ஒரு போலி விசையைச் சேர்த்துக்கொள்ளலாம், கணக்கு சரியாகவே வரும். இரண்டையும் கலந்து, உள்நோக்கி ஒன்று வெளிநோக்கி ஒன்று ஆகவே சமநிலை என்று எழுதினால்தான் மார்க் போகும்.

ஓட்டுநர்களுக்குத் தேவை அந்த விவாதம் அல்ல, எண். வண்டியைத் திருப்பத் தேவையான முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தது. 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவு. மணிக்கு 20 கி.மீ.யில் போனால் 2.6, மணிக்கு 30 என்றால் 5.8. வேகம் ஒன்றரை மடங்கு, தேவை இரண்டேகால் மடங்கு. இந்தத் திருப்பு விசையைக் கொடுப்பது டயரின் உராய்வு மட்டும்தான் (சாலை உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதுவும் கொஞ்சம் உதவும்). காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் சுமார் 0.7, நனைந்தால் 0.4 வரை இறங்கும். 0.4 என்றால் கிடைக்கிற முடுக்கம் 3.9தான். அப்போது அந்த வளைவுக்கு உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ. கூட இல்லை. மழையில் 30-இல் திருப்பினால் ஸ்டியரிங் திரும்பும், வண்டி திரும்பாது.

காய்ந்த சாலையில் வேறு ஆபத்து. டயர் அவ்வளவு எளிதில் வழுக்காது, ஆனால் வண்டி கவிழலாம். சக்கர இடைவெளி 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.9 மீட்டர் என்றால் மேலே சொன்ன வளைவில் மணிக்கு 34 கி.மீ. வரை உட்சக்கரம் தரையில் இருக்கும். மேலே கேரியரில் மூட்டை ஏற்றி ஈர்ப்பு மையத்தை 1.2 மீட்டருக்கு உயர்த்திவிட்டால் 30-இலேயே உட்சக்கரம் எழும்பத் தொடங்கும். ஸ்பிரிங் சாய்வதைக் கணக்கில் சேர்த்தால் அதற்கும் முன்பே. இந்தக் கணக்கில் வண்டியின் நிறை எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். லோடு எவ்வளவு என்பதைவிட எவ்வளவு உயரத்தில் என்பதுதான் வண்டியைக் கவிழ்க்கிறது. மூட்டை கீழே, ஆள் மேலே என்று ஏற்றுவதும் இதே தப்புதான், ஆளுக்கும் எடை உண்டு.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுகிற கேள்வி இது.

10 டன் லாரி குமுளியிலிருந்து 450 மீட்டர் கீழே இறங்குகிறது. நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 4 கோடியே 41 லட்சம் ஜூல். ஏறும்போது டீசல் எரித்துச் சேர்த்துவைத்த ஆற்றல் இது, இறங்கும்போது எங்காவது போயே ஆக வேண்டும். வேகமாக மாறவிட முடியாது. எந்தத் தடையும் இல்லாமல் விட்டால் அடிவாரத்தில் நொடிக்கு 94 மீட்டர் வந்திருக்கும். ஆகவே சூடாக மாற்ற வேண்டும். அந்தச் சூடு 25 டிகிரியில் உள்ள 140 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்.

நியூட்ரலில் இறங்கினால் இந்தச் சூட்டில் பெரும்பகுதியை பிரேக் டிரம்மும் லைனிங்கும் வாங்கிக்கொள்கின்றன. லைனிங் ஓரளவுக்கு மேல் சூடானால் உராய்வு குறையும், டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் எண்ணெய் கொதித்து ஆவியாகலாம், அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். முதல் நான்கு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக் கடைசி வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான். கருகல் வாடை வந்தாலே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

கியரில் இறங்கினால் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சி, அழுத்தி, வெளியே தள்ளுவதில் ஆற்றல் கரைகிறது. சூடு புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் அந்தத் தடையை இன்னும் கூட்டுகிறது. எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது முழுக்கச் சரி.

டீசல் மிச்சமா? இன்றைய மின்னணு இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அனுப்புவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிய வேண்டும். எஞ்சினையே அணைத்து இறங்குபவர்களும் உண்டு. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவுகிற பவரும் அதோடு போய்விடும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் போதாது. சேமிப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மழையில் எவ்வளவு தூரம் விட்டு ஓட்ட வேண்டும்?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கம்பத்தில் வெயில் காயும்போதே குமுளியில் மழை கொட்டும். பாதி மலையில் சாலை மாறிவிடும், ஓட்டுகிற பழக்கம் மாறாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காய்ந்த சமதரையில் பிரேக் பிடித்தால் 9 மீட்டரில் நிற்கலாம். நனைந்தால் 16. நனைந்த இறக்கத்தில், பதினைந்துக்கு ஒன்று சரிவில், 19. பிரேக்கில் கால் போவதற்குள் ஒரு நொடி ஆகும், அதில் இன்னொரு 11 மீட்டர். மொத்தம் 30 மீட்டர், மூன்று பஸ் நீளம். வழுவழு டயர் என்றால் இன்னும் கூடும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு.

முல்லைப் பெரியாறு அணையைத் தண்ணீர் அவ்வளவு தள்ளுகிறது. அணை ஏன் நகரவில்லை? இவ்வளவு பெரிய ஏரி என்பதால்தானே இவ்வளவு விசை?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில்: இல்லை. அணையின் மேல் விழும் விசை ஏரி எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதைப் பொறுத்தது அல்ல, அணையோரம் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் பொறுத்தது. அதே ஆழத்துக்கு அணைக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு தொட்டி கட்டி நீர் நிரப்பினாலும் அசையாத நீரின் விசை அதேதான். பலரும் இதை நம்ப மறுப்பார்கள்.

ஆழத்தோடு விசை எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். கீழே போகப் போக அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் படும் உயரமும் கூடுகிறது. ஆகவே விசை ஆழத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். நீர் 136 அடி என்றால் அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 860 டன் எடைக்குச் சமமான தள்ளல், 142 அடியில் சுமார் 940 டன். மட்டம் நாலரை சதவீதம்கூட உயரவில்லை, விசை 9 சதவீதம் கூடுகிறது. (முழு ஆழமும் அணைச் சுவரில் படுகிறது என்று எளிமையாக்கிய கணக்கு இது.)

இவ்வளவு விசைக்கும் அணை நிற்பது ஏன்? 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்தது எடை அணை. தன் சொந்த எடையால் பாறையை அழுத்திப் பிடித்து, அடியில் எழும் உராய்வாலும் பிணைப்பாலும் நீரைத் திருப்பித் தள்ளுகிறது. தள்ளலும் எதிர்த்தள்ளலும் சமம், நிகர விசை பூஜ்யம், முடுக்கம் பூஜ்யம். மாறா வேகத்தில் ஏறும் ஜீப்புக்கும் அசையாத அணைக்கும் இரண்டாம் விதி எழுதுகிற சமன்பாடு ஒன்றே.

அணை பலமா பலவீனமா என்று இந்த எண்களை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதற்குக் கட்டுமானத்தின் நிலை, அடியில் ஊறும் நீரின் மேல்நோக்கிய அழுத்தம், நிலநடுக்கம் எல்லாம் வேண்டும். எல்லையின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு கணக்கு அனுப்புகிறார்கள். பாதிக் கணக்கில் ஏரியின் நீளம் பெருக்கப்பட்டிருக்கும், பார்த்ததும் மூடிவிடலாம்.

லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு வரும் குழாய்களில் ஓடும் தண்ணீருக்கும் உந்தம் உண்டா?

நன்றாகவே உண்டு. பெரிய நீர்க்குழாய்கள் வளைகிற இடத்தில் பெரிய கான்கிரீட் கட்டை வைத்துப் பிடித்திருப்பார்கள். நீர் திசை மாறினால் உந்தம் மாறும், அதற்கான விசையைக் குழாய்தான் தர வேண்டும், நீரும் குழாயைத் திருப்பித் தள்ளும். வால்வைச் சட்டென்று மூடக் கூடாது என்பதும் இதனால்தான். குழாய் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் நீரை ஒரு நொடியில் நிறுத்தினால் வரும் விசை குழாயையே பிளக்கலாம். தோட்டத்து மோட்டார் நின்றதும் குழாயில் டமார் என்று கேட்பது அதன் தம்பி.

ராக்கெட் எதைத் தள்ளி மேலே போகிறது? வெளியில் காற்றே இல்லையே.

தான் கொண்டுபோன எரிபொருளைத் தள்ளித்தான். எரிந்த வாயுவைக் கீழே வேகமாக வீசுகிறது, அந்த வாயுவுக்குக் கீழ்நோக்கி எவ்வளவு உந்தமோ அவ்வளவு மேல்நோக்கி ராக்கெட்டுக்கு. காற்று உதவுவதில்லை, தடுக்கத்தான் செய்கிறது. இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து கிளம்பியது. மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், இஸ்ரோ எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறது. அங்கே எஞ்சின் எங்கும் போவதில்லை; வாயு பெறும் உந்தத்துக்கு ஈடானது கட்டிவைத்த மேடை வழியாகப் பூமிக்குப் போகிறது. பூமியின் நிறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நிறையும் எடையும் வேறு என்றால், கம்பத்தில் 50 கிலோ இருந்த ஏலக்காய் மூட்டை குமுளியில் குறையுமா?

நிறை மாறாது. எடை என்பது பூமி இழுக்கும் விசை, அது உயரம் கூடினால் மிகக் கொஞ்சம் குறையும். 500 மீட்டர் ஏறினால் பத்தாயிரத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்குதான். 50 கிலோவுக்கு ஐந்திலிருந்து எட்டு கிராம். அதுவும் கம்பத்தில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்தால்தான் தெரியும். படிக்கல் வைத்து நிறுக்கும் தட்டுத் தராசில் வித்தியாசமே வராது, படிக்கல்லின் எடையும் சேர்ந்தே குறைகிறதே. மின்னணுத் தராசையும் குமுளியிலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்துவிட்டால் அந்த எட்டு கிராமும் மறைந்துவிடும். அதற்குப் பிறகும் மூட்டை அரைக் கிலோ குறைந்தால் ஈரப்பதம் போயிருக்கும், இல்லையென்றால் சாக்கில் ஓட்டை.